குழந்தைக்கு ப்ளூஸ்: கதையில் தொடங்கலாமா, காதில் தொடங்கலாமா, கையில் தொடங்கலாமா?

"பொண்ணுக்கு எட்டு வயசு. ப்ளூஸ் கேட்க வைக்கணும்னு ஆசை. எதில ஆரம்பிக்கலாம்?"

ப்ளூஸ் என்பது அமெரிக்காவின் தெற்கில் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. இந்தக் கேள்வியைப் போன ஒரு வருடத்தில் நாலைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். பாதிப் பேர் அமெரிக்காவில் இருப்பவர்கள். பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதம் வந்ததும் பள்ளியில் ஏதோ ஒரு பாடகரின் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டு பிள்ளை வீட்டுக்கு வருகிறது. அதற்கு மேல் என்ன பேசுவதென்று இவர்களுக்குத் தெரியவில்லை. மீதிப் பேர் இங்கேயே இருப்பவர்கள். கல்லூரி விடுதியில் தாங்கள் கேட்டு மயங்கிய கிட்டாரைப் பிள்ளையின் காதிலும் போட்டுவிட வேண்டும் என்ற ஆசை. எல்லாருக்கும் சிக்கல் ஒன்றுதான். வழி பல இருக்கிறது; தப்பான வழியில் தொடங்கினால் பிள்ளை "போர்" என்று எழுந்து போய்விடும், அப்புறம் இரண்டு வருடத்துக்கு அந்தப் பக்கமே திரும்பாது.

## எதை வைத்து எடைபோடுவது

நான் நாலு விஷயம் பார்ப்பேன்.

முதலில், பிள்ளை இரண்டாவது தடவை தானாகக் கேட்குமா? முதல் தடவை நமக்காகக் கேட்கும். இரண்டாவது தடவைதான் கணக்கு.

அடுத்தது, வரலாறு என்ன ஆகிறது? ப்ளூஸ் அந்தரத்தில் பிறந்த இசை இல்லை. 1865இல் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. நிலம் வெள்ளைக்காரர்களிடமே இருந்தது. மிசிசிப்பி டெல்டாவின் பருத்திக் காடுகளில் கறுப்பின மக்கள் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு உழுதார்கள். விதை, மாவு, துணி எல்லாம் முதலாளியின் கடையிலேயே கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் பாக்கிதான் மிஞ்சும். அந்தக் கணக்கு நோட்டும் முதலாளியின் கையில். இதை மழுப்பாமலும், மொத்தமாகப் பிள்ளையின் தலையில் கொட்டாமலும் சொல்ல ஒரு வழி இடம் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பாட்டின் பேச்சு. சனிக்கிழமை ராத்திரி பெரியவர்கள் குடித்து ஆடிய கொட்டகைகளில் வளர்ந்த பாட்டு இது. சாராயம், துரோகம், துப்பாக்கி எல்லாம் வரும். இரட்டை அர்த்தத்துக்குக் குறைவே இல்லை.

நாலாவது, பெற்றோருக்கு ஆகும் செலவு. காசைவிட நேரம்தான் அதிகம் போகும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. "அது அவங்க ஊர் ஒப்பாரி" என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். எனக்கும் அந்த ஒப்புமை முதலில் நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் ஒப்பாரிக்கு யாரும் ஜோடி போட்டு ஆடமாட்டார்கள், ப்ளூஸுக்கு ஆடினார்கள். துக்கத்தைச் சொல்லும்போதே அதைக் கேலி செய்கிற குணம் அதில் உண்டு. சோக இசை என்று முத்திரை குத்திக் கொடுத்தால் பிள்ளை அந்தக் கேலியைத் தவறவிடும்.

## வழி 1: கதையில் தொடங்குவது

வாழ்க்கைக் கதை, படப் புத்தகம், ஆவணப்படம். தமிழ் வீடுகளுக்கு இயல்பாக வருவது இதுதான். நமக்குக் கதை சொல்லத் தெரியும்.

கதைக்குப் பஞ்சமும் இல்லை. குழந்தைகளுக்கு நான் முதலில் சொல்வது எலிசபெத் காட்டன் கதை. வட கரோலினாவில் 1890களில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே வீட்டு வேலைக்குப் போய், சேர்த்த காசில் 3.75 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கினார். இடது கைப் பழக்கம். கிட்டாரோ வலது கைக்காரர்களுக்குச் செய்தது. கம்பிகளை மாற்றிக் கட்டாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசிக்கப் பழகிக்கொண்டார். மற்றவர்கள் கட்டைவிரலால் மீட்டும் அடிக்கம்பிகளை இவர் விரல்களால் மீட்டினார், மெட்டைக் கட்டைவிரலால் வாசித்தார். வீட்டுக்குப் பக்கத்தில் ஓடிய சரக்கு ரயிலைப் பற்றிப் பதினொன்று பன்னிரண்டு வயதில் ஒரு பாட்டுக் கட்டினார்.

பிறகு கல்யாணம், வேலை, தேவாலயக் கட்டுப்பாடு என்று பல பத்தாண்டுகள் கிட்டாரைத் தொடவே இல்லை. வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தபோது, கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு சிறுமியைத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தக் குடும்பம் சீகர் என்ற இசைக் குடும்பம். அவர்கள் வீட்டிலேயே சமையல் வேலைக்குச் சேர்ந்து, சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்து ஒருநாள் வாசித்தார். முதல் இசைத்தட்டு 1958இல் வந்தது. அதற்குள் அவருடைய ரயில் பாட்டு இங்கிலாந்தில் வேறு இருவர் பெயரில் பதிவாகி ஓடிக்கொண்டிருந்தது. உரிமையை மீட்க வேண்டியிருந்தது. 1985இல், தொண்ணூறு வயதைத் தாண்டியபின், கிராமி விருது வாங்கினார்.

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் என் மகள் கேட்ட முதல் கேள்வி: "பாட்டி பாட்டை அவங்க ஏன் தங்களோடதுன்னு சொன்னாங்க?" அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வரலாறு முழுவதையும் நடக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, பிள்ளைக்குக் கதை மனப்பாடம் ஆகும், பாட்டு காதில் விழுந்தே இருக்காது. பள்ளிப் பாடம் போலத் தேதியும் பெயரும் சொல்லும். ப்ளூஸ் எப்படி ஒலிக்கும் என்று கேட்டால் விழிக்கும். இரண்டு, எல்லாரையும் இழுக்கும் கதை எப்போதும் நல்ல கதையாக இருப்பதில்லை. ராபர்ட் ஜான்சன் என்ற ப்ளூஸ் கலைஞர் நாற்சந்தியில் பேய்க்கு ஆன்மாவை விற்று கிட்டார் வித்தை வாங்கினார் என்ற கதையைப் பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்பார்கள். 1911இல் பிறந்து 27 வயதில் இறந்த மனிதர்; 1936இலும் 1937இலும் டெக்சாஸில் பதிவு செய்த 29 பாட்டுகள் மட்டுமே அவருடையதாக நம்மிடம் இருக்கின்றன. பேய்க் கதை அவருடைய உழைப்பை அழித்துவிடுகிறது. மிசிசிப்பியில் ஹேசல்ஹர்ஸ்ட் பக்கம் ஐக் சிம்மர்மன் என்பவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர் அவர். ராத்திரியில் கல்லறைத் தோட்டத்தில் போய்ப் பயிற்சி செய்வார்களாம். அங்கே சத்தத்துக்குச் சண்டைக்கு வர யாரும் இல்லையே! சிம்மர்மன் குடும்பத்தார் சொன்ன சேதி இது. பேய்க்கு ஈடான கதைதானே இதுவும்? இதைச் சொல்லுங்கள்.

இந்த வழி பொருந்துவது: கேள்வி கேட்கும், வாசிக்கும் பிள்ளைக்கு, எட்டு வயதுக்கு மேல்.

## வழி 2: பழைய பதிவுகளைக் கேட்க வைப்பது

1920இல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி பாடிய ஓர் இசைத்தட்டு விற்றுத் தீர்ந்தது. அதைப் பார்த்துத்தான் கம்பெனிகள் கறுப்பினப் பாடகிகளைத் தேடிப் போக ஆரம்பித்தன. பெஸ்ஸி ஸ்மித், மா ரெய்னி எல்லாம் அந்த அலையில் வந்தவர்கள். கிட்டாரும் கையுமாகத் திரிந்த ஆண்களைப் பதிவு செய்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். ஆக, காலவரிசைப்படி கேட்க நினைத்தால் பெண்களிடமிருந்து தொடங்க வேண்டும். பலருக்கு இது தெரியாது.

ஆனால் ஒரு குழந்தைக்கு அந்தத் தட்டுகள் எப்படிக் கேட்கும்? எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு கரகரப்பு, அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு குரல். வார்த்தை பெரியவர்களுக்கே பிடிபடாது. "ரேடியோ ரிப்பேராப்பா?" என்று கேட்டால் கோபப்படக் கூடாது.

விதிவிலக்காக ஒன்று, ஒவ்வொரு தடவையும் வேலை செய்கிறது. 1927இல் டாலஸில் பிளைண்ட் வில்லி ஜான்சன் பதிவு செய்த ஒரு பாட்டு. வார்த்தையே கிடையாது, முனகலும், கம்பிமேல் வழுக்கும் கிட்டாரும் மட்டும். அவர் பக்திப் பாடல்காரர், ப்ளூஸ் பாடகர் என்று சொன்னால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார், அது இருக்கட்டும். 1977இல் விண்ணுக்குப் போன வாயேஜர் விண்கலங்களில் வைத்த தங்க இசைத்தட்டில் இந்தப் பாட்டு இருக்கிறது. அதே தட்டில் நம் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கரும் இருக்கிறார், ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியும் இருக்கிறார். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, "இது இப்ப சூரியக் குடும்பத்தோட கோள்களை எல்லாம் தாண்டிப் போயிட்டிருக்கு" என்று சொல்லிப் போடுங்கள். இரைச்சல்கூட விண்வெளிச் சத்தம்போல ஆகிவிடும்.

இன்னும் சின்னக் குழந்தை என்றால் எல்லா (Ella) ஜென்கின்ஸ் என்ற பாடகி. சிகாகோவில் வளர்ந்தவர். 1957இலிருந்து குழந்தைகளுக்காகவே பதிவு செய்தவர். 2024இல் நூறு வயதில் காலமானார். ஒருவர் பாட எல்லாரும் பதில் பாடும் முறை அவருடையது. வயல்களிலும் தண்டவாள வேலையிலும் பாடிய அதே கேள்வி-பதில் முறைதான்.

இந்த வழிக்குக் காசு செலவு கிட்டத்தட்ட இல்லை. உள்ளே ஒளிந்திருப்பது உங்கள் நேரம். முன்கூட்டியே கேட்டு, வார்த்தைகளைப் படித்துப் பார்த்து, பத்துப் பாட்டாகப் பொறுக்க வேண்டும். போனில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனால், மூன்றாவது பாட்டு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆங்கிலம் புரியாத வயதென்றால் பிரச்சினை குறைவு. அமெரிக்காவில் வளரும் பிள்ளைக்கு எல்லாம் புரியும், உங்களைவிட வேகமாக.

## வழி 3: கருவியைக் கையில் கொடுப்பது

என் ஓட்டு இதற்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நான் செய்த தப்போடு சேர்த்து.

மவுத் ஆர்கன் வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பளபளவென்று நீளமாக ஒன்றை எடுத்துக் காட்டினார். 24 துளை, இரண்டு வரிசை, விலையும் சல்லிசு. வாங்கிவந்து ஊதினால் அருமையாகப் பழைய சினிமாப் பாட்டு வருகிறது. ப்ளூஸ் மட்டும் வரவே இல்லை. மகளின் வாய்தான் சரியில்லை என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அது ட்ரெமலோ வகை. ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு நாக்குகள், ஒன்றுக்கொன்று இம்மி சுருதி விலகி. அந்த அலையும் சத்தம் அதனால் வருவது. அதில் சுரத்தை வளைத்துக் கீழே இறக்குவது நடக்கிற காரியம் இல்லை. ப்ளூஸோ வளைப்பதிலேயே வாழ்வது.

வேண்டியது பத்துத் துளை டயட்டானிக் வகை. 'சி' சுருதியில் வாங்கினால் போதும். பழகுவதற்குக் குறைந்த விலையிலும் கிடைக்கும். நல்லது வேண்டுமென்றால் சில ஆயிரம் ஆகும். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கருவியைச் செய்தவர்கள் ஊதி வாசிக்கத்தான் செய்தார்கள். ஊதினால் 'சி' கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) வரும். தெற்கத்திக் கறுப்பினக் கலைஞர்கள் அந்த வழக்கத்தைத் திருப்பிப்போட்டு மூச்சை உள்ளே இழுத்து வாசித்தார்கள். இழுத்தால் முதல் நாலு துளையில் 'ஜி' கார்டு வரும், இழுக்கும் சுரங்களை வாயின் உள்ளமைப்பை மாற்றிக் கீழே வளைக்கலாம். ஜெர்மனியில் செய்த பொம்மை மாதிரியான பொருள் மிசிசிப்பியில் அழவும் ரயில் மாதிரிக் கூவவும் ஆரம்பித்தது இப்படித்தான். ரயில் சத்தம் எட்டு வயதுக்கு அரை மணி நேரத்தில் வரும். "ஊதாதே, இழு" என்பது ஒன்றே பாடம்.

அதைவிட மலிவான வழி ஒற்றைக் கம்பி. டெல்டாவில் பிள்ளைகள் துடைப்பத்தைச் சுற்றியிருக்கும் கம்பியைப் பிரித்து, வீட்டுச் சுவரிலேயே இரண்டு ஆணி அடித்து முறுக்கிக் கட்டி, அடியில் ஒரு பாட்டிலைச் செருகி வாசித்தார்கள். டிட்லி போ என்று பெயர். லூசியானாவில் 1936இல் பிறந்த பட்டி கை (Buddy Guy) என்ற கிட்டார் கலைஞர், சிறுவயதில் இரண்டு கம்பியில் இப்படி ஒன்றைத் தானே செய்து பழகியவர். நாம் மூன்றடிப் பலகையில் செய்துகொள்ளலாம்: இரண்டு ஆணி, பழைய கிட்டார்க் கம்பி ஒன்று, கம்பியைத் தூக்கிப் பிடிக்க ஒரு பாட்டில், மேலே வழுக்க இன்னொரு சின்ன பாட்டில். கம்பியை இழுத்துக் கட்டும்போது அறுந்தால் முகத்தில் அடிக்கும், அந்த வேலையைப் பெரியவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசைக்கலைஞர், கத்தியைக் கம்பியில் அழுத்தி வழுக்கி வாசித்த ஒருவரைக் கேட்டார். தான் கேட்டதிலேயே விசித்திரமான இசை என்று பின்னால் எழுதினார். அந்தச் சத்தத்தின் உறவுக்காரச் சத்தம் உங்கள் வீட்டு வராந்தாவில் கேட்கும்.

கருவியே வேண்டாம் என்றால் கைதட்டல் போதும். நாலு தட்டு ஒரு பார்; பன்னிரண்டு பார் ஒரு சுற்று. முதல் நாலு பாரில் ஒரு வரி, அடுத்த நாலில் அதே வரி மறுபடியும், கடைசி நாலில் அதற்கு ஒரு பதில். ஒவ்வொரு வரியும் பாதியிலேயே முடிந்துவிடும். மீதி இடத்தில் கருவி பேசும். என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டியது:

காலையில எழுந்தேன், என் ஒத்தச் செருப்பக் காணோம்
ஆமா, காலையில எழுந்தேன், என் ஒத்தச் செருப்பக் காணோம்
வாசல்ல நாய் படுத்திருக்கு, அது மூஞ்சியே சரியில்ல

இலக்கணம் முழுக்க இதற்குள் இருக்கிறது. "காலையில எழுந்தேன்" என்று ஆரம்பிக்கும் ப்ளூஸ் பாட்டுகள் எண்ணிக்கையில் அடங்காதவை. துக்கமும் கேலியும் ஒரே மூச்சில். கூட இருந்த என் மனைவி, வரிக்கு நடுவே கிட்டாருக்குப் பதிலாக "லொள் லொள்" என்று குரைத்தாள். அதுவும் சரிதான்.

கர்நாடக சங்கீதம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கூடுதல் வசதி. ப்ளூஸ் அதிகம் புழங்கும் ஐந்து சுரம் சுத்த தன்யாசியின் சுரங்கள்தான். ச க ம ப நி. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே ஓர் இடத்தில் குரல் ஆடி நிற்கும். பியானோவில் அந்தச் சுரத்துக்குக் கட்டையே கிடையாது. கமகம் பழகிய காதுக்கு அது உடனே பிடிபடும். இதை வைத்து "எல்லாம் நம்மகிட்டேருந்து போனதுதான்" என்று மட்டும் ஆரம்பித்துவிட வேண்டாம். சுரம் ஒத்துப்போவது வேறு, இசை ஒன்றாக இருப்பது வேறு.

செலவு? பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமை. அதைவிடப் பெரிதாக ஒன்று: வரலாறு நழுவிப் போகும். பிள்ளை வளைக்கக் கற்றுக்கொள்ளும், அது யாருடைய மூச்சு என்று தெரியாமலே. வாரத்துக்கு ஒரு கதை சேர்க்காவிட்டால் இந்த வழி வெறும் வித்தையாக முடிந்துவிடும்.

## வழி 4: தெரிந்த பாட்டிலிருந்து பின்னோக்கிப் போவது

பதினொன்று, பன்னிரண்டு வயதில் ராக் கேட்க ஆரம்பித்த பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. துப்பறியும் வேலை மாதிரி. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழுவினர் அந்தப் பெயரை எங்கே எடுத்தார்கள்? மடி வாட்டர்ஸின் 1950ஆம் வருடப் பாட்டிலிருந்து. அவர் யார்? மிசிசிப்பியில் ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். 1941இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பதிவுக் கருவியோடு அங்கே போய் அவரைப் பாடவைத்தார். தன் குரலைத் தட்டில் கேட்ட மனிதர், 1943இல் ரயிலேறிச் சிகாகோ போய்விட்டார். ஏன் போனார்? அவர் மட்டும் போகவில்லை. 1910 முதல் 1970 வரை ஏறக்குறைய 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டுக் கிளம்பினார்கள். நகரத்து இரைச்சலில் சாதாரண கிட்டார் எடுபடவில்லை, மின்சாரக் கிட்டார் வந்தது. ஒரு பெயரிலிருந்து ஆரம்பித்து மூன்றே கேள்வியில் பெரும் இடப்பெயர்ச்சிக்கு வந்துவிட்டோம்.

எல்விஸ் 1956இல் பாடிய 'ஹவுண்ட் டாக்' என்ற நாய்ப் பாட்டை 1952இலேயே பாடியவர் பிக் மாமா தார்ன்டன். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, எது பிடித்தது என்று கேளுங்கள். தனக்குக் கிடைத்தது 500 டாலர்தான் என்று தார்ன்டன் பின்னாளில் சொன்னதை அதன் பிறகு சொல்லுங்கள். தன் பாட்டை எடுத்துக்கொண்டார்கள் என்று லெட் செப்பலின் ராக் குழுவின் மேல் ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் வழக்குப் போட்டு, 1987இல் சமரசம் ஆனதும் இந்த வரிசையில் வரும்.

இதில் ஆபத்து, பழைய கலைஞர்கள் எல்லாம் வெள்ளைக்கார ராக் குழுக்களுக்கு முன்னுரை மாதிரி ஆகிவிடுவது. ராக் கேட்காத பிள்ளைக்கு இந்த வழி பயனே இல்லை.

## வழி 5: நேரில் போவது

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டும். மெம்பிஸிலிருந்து மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அங்கே பழைய ரயில் சரக்குக் கிடங்கில் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம், அதற்குள் மடி வாட்டர்ஸ் வாழ்ந்த மரவீட்டின் மிச்சம். தெற்கே இண்டியனோலாவில் பி. பி. கிங் அருங்காட்சியகம். 1949இல் இருவர் போட்ட சண்டையில் ஒரு நடனக் கொட்டகை தீப்பிடித்தபோது கிட்டாரை எடுக்க உள்ளே ஓடி, சண்டைக்குக் காரணமான லூசில் என்ற பெண்ணின் பெயரையே அந்தக் கிட்டாருக்கு வைத்த ப்ளூஸ் கலைஞர் அவர். லூசில் கதையைக் காரிலேயே சொல்லிவிடுங்கள். கோடையில் போகாதீர்கள், வெயில் தாங்காது. ஏற்கெனவே காது பழகாத பிள்ளைக்கு இது கண்ணாடிப் பெட்டியில் செருப்பும் சட்டையும் பார்க்கிற பயணம்தான்.

## ஒரு பார்வையில்

| வழி | எந்த வயது | மறுபடி கேட்குமா | வரலாறு | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| கதை | 8க்கு மேல் | கதையை, ஆம். பாட்டை, சந்தேகம் | நன்றாக வரும் | கட்டுக்கதை மேலே ஏறிவிடும் |
| பதிவுகள் | எந்த வயதும், பொறுக்கிக் கொடுத்தால் | பாட்டைப் பொறுத்தது | தானாக வராது | முன்கூட்டிக் கேட்கும் நேரம் |
| கருவி | 7 முதல் | நிச்சயம் | நாம் சேர்க்க வேண்டும் | தப்பான மவுத் ஆர்கன், சத்தம் |
| பின்னோக்கி | 11க்கு மேல் | ராக் பிடித்தால் | மிக நன்றாக | ராக்கே நாயகனாகிவிடும் |
| பயணம் | 10க்கு மேல் | – | நேரில் | பணம், வெயில் |

ஆறு வயதுக்குக் கீழே என்றால் யோசிக்கவே வேண்டாம், பாடகி எல்லா ஜென்கின்ஸும் கைதட்டலும். ஏழிலிருந்து பத்து வரை: பத்துத் துளை மவுத் ஆர்கன், கூடவே வாரம் ஒரு கதை, எலிசபெத் காட்டனில் ஆரம்பித்து. பதின்ம வயதுக்குள் நுழைந்துவிட்ட பிள்ளையிடம் நீங்கள் எதையும் ஆரம்பிக்க வேண்டாம். அது கேட்கும் பாட்டின் பின்னால் போங்கள். தெற்கில் மரத்தில் தொங்கவிட்டுக் கொன்ற வரலாற்றை எப்போது சொல்வது என்று ஒரு நண்பர் கேட்டார். எங்கள் வீட்டில், "அவங்க ஏன் எல்லாரும் ரயிலேறிப் போனாங்க?" என்று மகள் கேட்ட அன்று சொன்னேன். வேலைக்கும் கூலிக்கும் போனார்கள் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, மவுத் ஆர்கனை எடுத்து ரயிலை வாசித்தாள், வழக்கத்தைவிட மெதுவாக.